சாரயேவோ போய் வந்த கதை

அன்பின் மச்சான்,

உன்னுடைய குரல்பதிவு வந்து மூன்று கிழமையாகிவிட்டது, பதிலைக் காணவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். நடுவில் நானும் மனுசியும் சாரயேவோ போய் வந்தோம். கலியாண நாளுக்கு ஆராவது பொஸ்னியாவுக்குப் போவார்களா, கடல் இருக்கிற இடமாகப் பாருங்கோ என்று பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள், நான் கேட்கவில்லை.

ஜேர்மனியில் நான் முதலில் இருந்த அகதி முகாம் உனக்கு நினைவிருக்கும், ஒரு மாடிக்கு ஒரு குசினி, நாலு அடுப்பு, ஒரு அறைக்குள் ஆறு பெடியள். பக்கத்து அறையில் ஒரு பொஸ்னியக் குடும்பம். அதில் ஒரு வயதான அம்மா, அவவுக்கும் டொச், அதுதான் ஜேர்மன் மொழி, தெரியாது எனக்கும் தெரியாது, ஆனால் நான் குசினிக்குள் போனால் ஒரு குட்டிக் கோப்பையில் கோப்பி வரும். 1994 பெப்ரவரியில் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது முகாம் டிவியில் பொப்ஸ்லே ஓட்டம் போனது, பனிக்கட்டி வாய்க்காலுக்குள் நாலு பேரை வைத்து வண்டியைத் தள்ளிவிடுகிற விளையாட்டு. பொஸ்னியாவும் ஒரு வண்டி அனுப்பியிருந்தது, இரண்டு முஸ்லிம், ஒரு சேர்பியர், ஒரு குரோவேசியர். அங்கே இந்த மூன்று சனமும் சண்டை பிடிக்க, சாரயேவோ முற்றுகைக்குள் கிடக்க, இங்கே இவர்கள் ஒரே வண்டிக்குள். அந்த அம்மா எழும்பி நின்று "சாரயேவோ, சாரயேவோ" என்று நெஞ்சில் தட்டி, கையால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மலையிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்கிறா என்று எனக்கு விளங்கக் கனநேரம் எடுத்தது. அதே கிழமைதான் ஜேர்மன் ஸ்கேட்டிங் வீராங்கனை கத்தரீனா வித் சாரயேவோவுக்காக என்று சொல்லிப் பனியில் ஆடினாள். ஏழாவது இடம்தான் கிடைத்தது, ஆனால் முகாமில் அன்றைக்கு ஒருவரும் சத்தம் போடவில்லை. சண்டை முடிந்ததும் ஜேர்மனி அந்தச் சனத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது, இந்தக் குடும்பமும் போய்விட்டது. அவவின் பெயர் என்ன என்று மனுசி விமானத்தில் கேட்டாள். எங்களுக்கு அவ "அம்மா" தானே, பெயர் கேட்கவே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். காலையிலேயே திரெபெவிச் மலைக்குக் கேபிள் கார் எடுத்தோம். 1959இல் ஓடத் தொடங்கியது, 1992 சண்டையோடு நின்று, 2018 ஏப்ரலில்தான் திரும்ப ஓடியதாம். பத்து நிமிடம்கூட இல்லை, சிவப்பு ஓட்டுக் கூரைகளும் பள்ளிவாசல் கோபுரங்களும் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடப்பதுபோல் கீழே போய்விடுகின்றன. மேலே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்த வாய்க்கால்.

சாரயேவோவில் நடந்த 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பொப்ஸ்லேக்குக் கட்டினது, 1300 மீட்டர், 13 வளைவு. இப்போது பனியும் இல்லை குளிரூட்டிக் குழாயும் இல்லை, வெறும் கொங்கிறீட், அதன் மேல் ஊர்ப் பெடியள் அடித்த வர்ணம், வர்ணத்துக்கு மேல் வர்ணம். உள்ளே இறங்கி நடக்கலாம். நேரான இடத்தில் சாதாரண வாய்க்கால் மாதிரித்தான், வளைவு வந்ததும் ஒரு பக்கச் சுவர் எங்கள் தலைக்கு மேலே எழும்பி உள்ளே கவிழ்ந்து நிற்கும். அதில் கை வைத்துப் பார்த்தேன், ஈரம், சில்லென்று பாசி, வெடிப்புகளுக்குள் பைன் ஊசியிலை. முற்றுகைக் காலத்தில் சேர்பியப் படை இந்த மலையில் இருந்துதான் கீழே ஊருக்கு அடித்தது, இந்தச் சுவர்கள்தான் மறைப்பு. நான் அந்த அம்மா கையால் போட்ட வளைவு இதுவோ அதுவோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நடக்க, மனுசி ஈரச் சருகில் சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "பதக்கம் இல்லையோ?" என்று இருந்தபடியே கேட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெடியன் மலைச் சைக்கிளில் வாய்க்காலுக்குள் பறந்து வந்தான், கூப்பிட்டு இழுத்தெடுக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அங்கிருந்து ஒரு டாக்சி பேசி இக்மான் மலைக்குப் போனோம். சாரதிக்கு எங்கள் வயதுதான். 1984இல் ஒலிம்பிக் தொடங்குவதற்கு முதல் நாள்வரை பனியே இல்லாமல் ஊரே கையைப் பிசைந்ததாம், பிறகு கொட்டத் தொடங்கிய பனி, ஆண்களின் மலையிறக்க ஓட்டத்தையே பல நாள் தள்ளிவைக்கிற அளவுக்குக் கொட்டியதாம். அந்த ஒலிம்பிக்கின் சின்னம் வுச்கோ என்ற ஓநாய். டிவியில் அது "சாரயேவோஓஓ" என்று ஊளையிடும். மனுசன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து, வளைவில், ஊளையிட்டுக் காட்டினார். மனுசி கதவுப் பிடியை விட்டது இக்மானில் இறங்கினபிறகுதான்.

பியெலாஷ்னித்சா மலையைக் காட்டி அவர் சொன்ன கதை எனக்குப் பிடித்தது. ஆண்களின் மலையிறக்க ஓட்டத்துக்கு 800 மீட்டர் இறக்கம் வேண்டும், மலை சில மீட்டர் குட்டை. என்ன செய்தார்கள் தெரியுமா, உச்சியில் ஒரு உணவகம் கட்டி அதன் மேல் இருந்து புறப்பட விட்டார்கள்! இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கழகத்து உயரம் பாய்தல்தான் ஞாபகம் வந்தது, தடி வைக்கக் கம்பம் காணாமல் கதிரை அடுக்கினோமே.

இக்மானில் சறுக்கிப் பாய்கிற மேடை இரண்டும் நிற்கின்றன, பின்லாந்துக்காரன் மத்தி நைக்கனன் பெரிய மேடையில் தங்கம் எடுத்த இடம். கீழே வெற்றியாளர் ஏறும் கொங்கிறீட் படியில் வளையங்கள் ஐந்தும் இருக்கின்றன, சூட்டுக் காயங்களும் இருக்கின்றன. ஒரு கூட்டம் முதலாம் படியில் ஏறிக் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஏற ஆசை வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. மனுசி, "எங்கட வீட்டுச் சுவரிலையும் உப்பிடி ஓட்டை இருந்தது, ஆரும் வந்து கை தூக்கிப் படம் எடுத்தவையோ?" என்றாள். நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். சாரதி என்னவாம் என்று கேட்க, மொழிபெயர்க்கவில்லை. நாங்களும் சுற்றுலாக்காரர்தான், காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்கள்தான், அதனால் அந்தக் கூட்டத்தோடு எனக்குக் கோபமில்லை.

திரும்பி வரும்போது அந்த ஒலிம்பிக்கின் ஸ்கேட்டிங் நடந்த செத்ரா மண்டபம். கத்தரீனா வித் முதல் ஒலிம்பிக் தங்கம் எடுத்த இடம், பிரித்தானியப் பனிநடன ஜோடி டோர்வில்–டீனுக்குக் கலையழகுக்கு ஒன்பது நடுவரும் முழுப் புள்ளி 6.0 போட்ட இடம். சண்டையில் எரிந்து, இருக்கைப் பலகைகளைச் சவப்பெட்டிக்கு எடுத்தார்களாம். இப்போது திருத்திவிட்டார்கள், உள்ளே பள்ளிப் பிள்ளைகள் ஸ்கேட் பண்ணுகிறார்கள். வெளியே, முன்பு விளையாட்டுத் திடலாக இருந்த இடம் முழுக்க வெள்ளைக் கல்லறைகள். கனநேரம் நிற்கவில்லை.

பின்னேரம் பழைய ஊர். அன்று வெள்ளிக்கிழமை, மனுசி மரக்கறி. இறைச்சி வைத்துச் சுருட்டிய மாப் பண்டத்துக்குத்தான் அங்கே "புரெக்" என்று பெயர், உருளைக்கிழங்கு வைத்ததற்கு "குரொம்பிருஷா", பெயரை மாற்றிச் சொன்னால் கடைக்காரர் திருத்திவிட்டுத்தான் தருகிறார். நல்ல உருளைக்கிழங்கு ரோல்ஸைச் சுருட்டிச் சட்டியில் வைத்த மாதிரி, ஆனால் உறைப்பு இல்லை. காசு கொடுக்கும்போது இன்னொரு சிரிப்பு: அவர்களின் காசுக்கு இன்னும் மார்க் என்றுதான் பெயர். நான் முதல் சம்பளமாக எண்ணி வாங்கிய மார்க்கை ஜேர்மனி கைவிட்டு இருபது வருடத்துக்கு மேல், பொஸ்னியா வைத்திருக்கிறது.

ஆற்றங்கரையில் அந்தப் பெரிய நூலகக் கட்டடத்துக்கும் போனோம். 1992 ஓகஸ்ட் இரவு குண்டடித்து எரித்தது, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புத்தகம். 2014இல் திரும்பத் திறந்திருக்கிறார்கள், கண்ணாடிக் கூரை, வர்ணத் தூண், சரியான வடிவு. 1981இல் நீயும் நானும் சைக்கிளில் டபிள் போய் எரிந்துபோன எங்கள் யாழ்ப்பாண நூலகத்தைப் பார்த்தது, உன் வெள்ளைச் சட்டையில் கரி ஒட்டி அம்மா பேசினது, எல்லாம் வந்துவிட்டது. அதை நேரில் கதைப்போம்.

கன்னார் தெருவில் செப்புப் பாத்திரத்தோடு ஷெல் கோதுகளையும் செதுக்கிப் பூச்சாடியாக்கி விற்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன், வேலைப்பாடு அருமை. "இஞ்சேருங்கோ, உதுக்குக் காசு குடுக்கப் போறியளோ?" என்று பின்னால் சத்தம். எங்கள் பள்ளிக்கூடத்தில் உது தொங்கிக்கொண்டுதானே மணி அடித்தது, சும்மா கிடைத்தது! வைத்துவிட்டு இரண்டு ஜெஸ்வா வாங்கினோம், நீளக் கைபிடி வைத்த குட்டிச் செப்புப் பாத்திரம், ஒன்று உனக்கு. தங்கச்சியின் மகன் மார்கழியில் ரொறன்ரோ வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொஞ்சத்தை வேறாக எடுத்து வை, பாத்திரத்தில் கோப்பித் தூளைப் போட்டுத் தண்ணீரை ஊற்றி நுரை பொங்கி எழும்பும்போது இறக்கு, பிறகு எடுத்து வைத்ததை மேலே விடு. கலக்காதே. அந்த அம்மா நான் கரண்டி போட்டபோது கையில் அடித்தா.

உன் முழங்கால் சத்திரசிகிச்சை எப்போது என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய வாங்குக்காரன்