ஆண்டறிக்கை: இடைக்கால யார்க் நகரோடு ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும் வாசகர் வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், இந்த ஆண்டு முழுக்க வட இங்கிலாந்தின் யார்க் நகரை, அதன் இடைக்கால வரலாற்றை மட்டும் படிப்பது என்று முடிவு செய்தோம். மாதம் ஒரு கூட்டம் தவறாமல் நடந்தது.

நகர நிர்வாகத்திலிருந்துதான் தொடங்கினோம். மன்னருக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையை நகரத்தாரே வசூலித்துச் செலுத்த 1212இல் மன்னர் ஜான் சாசனம் கொடுத்தார். 1396இல் இரண்டாம் ரிச்சர்ட் யார்க்கைத் தனி மாவட்டமாகவே ஆக்கினார். இவற்றை இரண்டே கூட்டங்களில் முடித்துவிட்டோம். அதிக நேரம் எடுத்தது குப்பைதான். பகலோ இரவோ தெருவில் திரியும் பன்றிகளை யாரும் வளர்க்கக் கூடாது என்று 1301இல் நகர விதி போட்டார்கள். அப்படியும் தெருக்கள் மாறவில்லை போலிருக்கிறது. நாட்டில் வேறெந்த நகரையும் விட இங்கே துர்நாற்றம் அதிகம், சாணமும் கழிவும் தெருக்களை அடைத்துக் கிடக்கின்றன, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று 1332இல் மூன்றாம் எட்வர்ட் ஆணை அனுப்பினார். அந்த ஆணையை உரக்கப் படித்தபோது, அந்தச் சந்துகளில் குடியிருந்தவர்கள் முதன்முறையாக எனக்கு நிஜ மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

கோடையில், ஒரு காலத்தில் யார்க்கின் கசாப்புத் தெருவாக இருந்த ஷாம்பிள்ஸுக்குப் போனோம். மேல்மாடிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜன்னலுக்குக் கீழே கறி பரப்பி வைத்த அகலப் பலகையும், மேலே இரும்புக் கொக்கிகளும் சில கடைகளில் இன்னும் இருக்கின்றன. நம் உறுப்பினர்களில் ஒருவருடைய தாத்தா கறிக்கடை வைத்திருந்தவர். கொக்கியை அண்ணாந்து பார்த்தவர், "தாத்தா கடையிலும் இதே உயரம்தான், எடுக்க எட்டணும், நாய் எட்டக் கூடாது" என்றார். அதன்பிறகு அந்தத் தெருவில் வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

சரி, இந்த நகரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? இந்த ஆண்டின் முக்கியமான கேள்வி இதுதான். அந்தக் காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது, வரிப் பட்டியல்தான் உண்டு. 1377இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் மீது தலைக்கு நாலு பென்னி வரி விழுந்தது. யார்க்கில் கட்டியவர்கள் 7,248 பேர். லண்டனுக்கு (23,314) அடுத்த இடம் இதுதான். 1349இல் கொள்ளைநோய் புகுந்து வெளியேறிய பிறகும் இத்தனை பேர். பட்டியலில் வராத குழந்தைகளையும் பிச்சை எடுத்தவர்களையும் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும்.

1381இல் வரி தலைக்கு ஒரு ஷில்லிங் (பன்னிரண்டு பென்னி), அதாவது மூன்று மடங்கு. யார்க் பட்டியலில் இருப்பது 4,015 பேர். நான்கே ஆண்டில் 3,233 பேரைக் காணோம்! செத்துப்போகவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை. பட்டியலில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். நாடு முழுக்கவே இப்படித்தான் எண்ணிக்கை விழுந்தது. அதிகமாக மறைந்தவர்கள் கல்யாணமாகாத பெண்கள், விதவைகள், வேலைக்காரிகள். அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் இது எனக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நகரத்தின் தண்ணீரைச் சுமந்தவர்கள், நூல் நூற்றவர்கள் பெயரே இல்லாமல் போயிருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் யார்க் அமைதியாகவும் இல்லை. 1380 நவம்பரில் ஒரு கும்பல் மேயர் ஜான் டி கிஸ்பர்னை விரட்டிவிட்டு, நகர மன்றத்தைக் கோடரியால் உடைத்துப் புகுந்து, சைமன் டி குயிக்ஸ்லேயை மேயராக்கியது. இதற்கு இன்னும் ஒரு கூட்டம் ஒதுக்கியிருக்கலாம். நேரம் போதவில்லை, அது என் குறை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கு என் பரிந்துரை இங்கிலாந்தின் நாரிச் நகரம். அங்கே 1288இலிருந்து நீதிமன்றப் பதிவுச் சுருள்கள் கிடைக்கின்றன. விதியை மீறி ஏல் (ஒரு வகை பீர்) காய்ச்சி விற்றதற்காக அபராதம் கட்டிய பெண்கள் அவற்றில் வரிசையாக வருகிறார்கள், பலர் "இன்னாருடைய மனைவி" என்ற பெயரில். வரிப் பட்டியலில் தொலைந்தவர்களை அபராதப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். உறுப்பினர்கள் முடிவு சொல்லவும்.

இப்படிக்கு,
செயலாளர்