காசு கொடுத்து வாங்கிய லீவு

லெஸ்டர்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சின்னவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி ஆயிற்று.

“முழுசாக ஒரு மாதம் வருகிறாயாமே, வேலை போய்விட்டதா?” என்று கேட்டிருக்கிறாய். போகவில்லையடா. கம்பெனியிடமே லீவை விலைக்கு வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே, இங்கே பல கம்பெனிகளில் இது உண்டு. நீங்கள் தாலுகா ஆபீசில் ஈட்டிய விடுப்பை சரண்டர் செய்து பணம் வாங்குகிறீர்களே, அதற்கு நேர் எதிர்.

பிரிட்டனில் முழுநேர ஊழியருக்குச் சட்டப்படி வருடத்துக்கு 5.6 வாரம், அதாவது 28 நாள், சம்பளத்தோடு விடுப்பு. அரசு விடுமுறைகளையும் அதற்குள்ளேயே அடக்கிக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. வேலையில் இருக்கும்வரை இந்த 28 நாளை விற்றுக் காசாக்க முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் இந்த வியாபாரம். வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பிக்கச் சில நாள் கொடுப்பார்கள், எத்தனை நாள் லீவு வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு பெரும்பாலும் மாற்ற முடியாது. வாங்கிவிட்டோம் என்பதற்காக நினைத்த தேதியில் கிளம்பவும் முடியாது. மேனேஜர் சரி சொல்ல வேண்டும். காசும் கொடுத்து, கையும் கட்டி நிற்க வேண்டும்!

ஒரு நாளின் விலை என்ன? வழக்கமான கணக்கு, ஆண்டுச் சம்பளத்தை 260-ஆல் வகுப்பது. வாரத்துக்கு 5 நாள், 52 வாரம். 39,000 பவுண்டு வாங்குபவருக்கு ஒரு நாள் 150 பவுண்டு. ஐந்து நாள் வாங்கினால் 750. இதை ஒரே அடியாகப் பிடிக்காமல் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து, மாதம் 62.50 என்று கழிப்பார்கள். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழேயே, கழித்தல் குறியோடு ஒரு பதிவு வரும். வருமான வரி போடுவதற்கு முன்பே அது கழிவதுதான் விஷயம். அந்த 62.50-க்கு 20 சதவீத வருமான வரியும் 8 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸும் (அரசு பென்ஷன் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிப்பது) கட்ட வேண்டியதில்லை. அதனால் கைக்கு வருவதில் குறைவது மாதம் 45 பவுண்டுதான். வருடத்துக்கு 540. லீவு எடுக்கிற மாதத்திலும் சம்பளம் மற்ற மாதங்களைப் போலவே வரும். சம்பளமில்லா விடுப்பு போட்டால் அந்த ஒரு மாதத்தில் மொத்தமாகத் துண்டு விழும், வீட்டுக் கடன் தவணையோ அதே தேதியில் வந்து நிற்கும். எனக்கு இந்த வழி பிடித்ததற்கு அதுதான் காரணம்.

அப்புறம், கையெழுத்துப் போடுமுன் பென்ஷனைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில கம்பெனிகள் பழைய சம்பளத்தை வைத்தே பென்ஷன் பங்கைப் போடும். சிலவோ குறைந்த சம்பளத்துக்குத்தான் போடும். இரண்டாவது வகையென்றால் முதலாளி போடும் பங்கும் கொஞ்சம் குறையும், அது சம்பளச் சீட்டில் கண்ணை உறுத்தாது. பிள்ளை பெறப்போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சட்டப்படியான பேறுகாலச் சம்பளத்தில் முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். அந்தச் சராசரி எடுக்கிற மாதங்களில் சம்பளம் குறைந்திருந்தால் இதுவும் குறையும். பாதியில் வேலையை விட்டால், எடுத்து முடித்த நாட்களுக்குப் பாக்கிப் பணத்தைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. வருடத்துக்கு 50,270 பவுண்டுக்கு மேல் வாங்குபவருக்கு அதற்கு மேலான பகுதிக்கு வரி 40 சதவீதம், இன்ஷூரன்ஸ் 2 சதவீதம். அவர் 100 பவுண்டுக்கு லீவு வாங்கினால் கையிலிருந்து போவது 58. என்னைப் போன்றவர்களுக்கு 72. அதற்கும் கீழே, குறைந்தபட்சக் கூலியில் இருப்பவர் வாங்கவே முடியாது. பிடித்தம் போனபின் சம்பளம் அந்தக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சட்டம். 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. அவரைக் காக்கத்தான் சட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு முழுக்க எங்கள் கிடங்கைக் கூட்டித் துடைக்கிறவருக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்க வழியில்லை. மேலே கண்ணாடி அறையில் இருப்பவருக்குத் தள்ளுபடியில் கிடைக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாவில் 2020-இல் நிறுத்திய சரண்டரை 2025 அக்டோபரில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள், இந்த வருடமும் பதினைந்து நாளைக் காசாக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அரை மாதச் சம்பளம், வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? நர்சிங் கல்லூரிக் கட்டணமும் இருக்கிறது. சரண்டர் போடு. ஆனால் மிச்சம் இருக்கிற விடுப்பில் ஒரு வாரத்தை எனக்காக எடு. ராமேஸ்வரம் போகலாம் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, கூட்டத்தில் இடம் பிடிப்பது உன் பொறுப்பு. ஆபீசில் பேசிவிட்டு எந்த வாரம் என்று உடனே எழுது. அம்மாவுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு.

அன்புடன்,
குமரன்