இருபது டாலர் தாளும் இரண்டு விளம்பரங்களும்: அமெரிக்க நிதித்துறைக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நிதித்துறையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 20 டாலர் தாளின் முன்பக்கத்தில், அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பலரையும் மீட்ட கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மன் இடம்பெறுவார், இப்போது அங்கிருக்கும் முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் பின்பக்கத்துக்குப் போவார் என்று 2016 ஏப்ரலில் உங்கள் துறை அறிவித்தது. 2019-இல் அது தள்ளிப்போனது. 2021-இல் விரைவுபடுத்துவோம் என்றது வெள்ளை மாளிகை. அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உங்கள் நாட்டுப் பழைய செய்தித்தாள்களில் வெளியான இரண்டு விளம்பரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1804-இல் டென்னசியில் ஜாக்சன் கொடுத்தது முதலாவது. தப்பியோடிய தன் அடிமையைப் பிடித்துத் தருபவருக்கு 50 டாலர். அத்துடன், அவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு கசையடிக்கும் பத்து டாலர் கூடுதல், முந்நூறு அடிவரை. இரண்டாவது, 1849 அக்டோபரில் மேரிலாந்தில் எலைசா பிரோடஸ் என்ற பெண் கொடுத்தது. தப்பிய மூவரில் ஒருத்தி ‘மின்டி’. வயது சுமார் 27, உயரம் ஐந்தடி. அந்த மின்டிதான் டப்மன். கசையடிக்குக் காசு கொடுத்தவரின் முகத்தை உங்கள் தாள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகச் சுமந்துவருகிறது.

தேடப்பட்ட அந்தப் பெண் தப்பித்ததோடு நிற்கவில்லை. 1850-ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைமுறை இல்லாத வடமாநிலங்களில்கூட, தப்பிவந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வழிசெய்தது. அதனால் தான் மீட்டவர்களைக் கனடாவரை அழைத்துப் போனார். முந்நூறு பேரை மீட்டார் என்று பழைய நூல்கள் சொல்லும். சுமார் 13 பயணங்களில் 70 பேர் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கணக்கு. அந்த எழுபதே எனக்கு மலைப்பாக இருக்கிறது. பெரும்பாலும் சனிக்கிழமை இரவில் புறப்படுவாராம். திங்கள்வரை எந்த எஜமானராலும் விளம்பரம் கொடுக்க முடியாதல்லவா!

1854 கிறிஸ்துமஸ். மறுநாள் விற்கப்பட இருந்த சகோதரர்களை அழைத்துப் போக வந்தவர், தந்தை பென் ராஸின் வீட்டருகே சோளக் களஞ்சியத்தில் ஒளிந்திருந்தார். தாயிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார் என்று சொல்லவில்லை. தந்தைக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கவில்லை என்று நாளை உண்மையாகவே சொல்ல வேண்டுமே! கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டார். அப்படியே அவர்களோடு சிறிது தூரம் நடந்து வழியனுப்பினார். அந்தத் தாய் தந்தையரையும் 1857-இல் டப்மன் மீட்டுவிட்டார்.

உள்நாட்டுப் போரில் அவர் உங்கள் படையின் செவிலியர், ஒற்றர். 1863 ஜூனில் தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றுத் தாக்குதலுக்கு அவர் திரட்டிய உளவுத் தகவல்தான் வழிகாட்டியது. எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் ஒரே இரவில் விடுதலை பெற்றார்கள். ஊதியம்? போர்க்காலம் முழுவதற்கும் சுமார் 200 டாலர். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் பணியாரமும் ரொட்டியும் சுட்டு விற்றுத்தான் பிழைத்தார். ஒற்றர்களுக்குத் தலைமை தாங்கிய பணியையும் சேர்த்து 1,800 டாலர் தரவேண்டும் என்று முதுமையில் மனுக் கொடுத்தார். 1899-இல் நாடாளுமன்றம் அவரது ஓய்வூதியத்தை மாதம் 20 டாலராக்கியது: படைவீரரின் விதவை என்பதற்கு எட்டு, செவிலியர் என்பதற்குப் பன்னிரண்டு. ஒற்றர் படைத் தலைமைக்கு ஒரு காசுகூட இல்லை. 1913-இல் அவர் இறந்தார்.

புதிய 20 டாலர் தாளுக்கு 2030 என்று உங்கள் அட்டவணை சொல்லியிருக்கிறது. அதில் அவர் முகத்தை அச்சிடுங்கள். பின்பக்கத்தில் ஜாக்சனுக்கும் இடம் தரவேண்டாம். அங்கே கம்பாஹீ ஆற்றையும் அன்று கரையேறியவர்களையும் வரையுங்கள். பெயருக்குக் கீழே, உங்கள் அரசு ஊதியம் தர மறுத்த அந்தப் பணியையும் எழுதுங்கள்: ஒற்றர் படைத் தலைவர்.

இப்படிக்கு,
இந்தியாவிலிருந்து ஒரு வாசகர்