வானவில் கொடிக்கு ஆறு நிறம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் மாத இணைப்பிதழில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் முதலானோர்) பேரணிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அதில் வரைந்திருந்த கொடிக்கு ஏழு நிறம். பள்ளிக்கூடத்தில் படித்த வானவில்லை அப்படியே போட்டுவிட்டார்கள். இந்தக் கொடிக்கு ஆறுதான். பல வருடமாக இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டியும் பதாகையும் செய்து தருகிறவன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞரும் நண்பர்களும் கையால் சாயம் தோய்த்துத் தைத்த முதல் கொடியில் எட்டு நிறம் இருந்தது. அடர் இளஞ்சிவப்பில் துணி கிடைக்காததால் அது போனது, மறு வருடம் நீலப்பச்சையும் போய் ஆறாக நின்றது. திருநங்கை, திருநம்பி எல்லோருக்குமான திருநர் கொடி வேறு. 1999-ல் மோனிகா ஹெல்ம்ஸ் என்ற அமெரிக்கத் திருநங்கை வடிவமைத்தது; இரண்டு ஓரத்திலும் வெளிர்நீலம், அடுத்து இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, எப்படிப் பிடித்தாலும் தலைகீழாகாது. திருநங்கைகள் பற்றிய செய்திக்கு இதைத்தான் போட வேண்டும்.

சரி, கொடி மட்டும் தெரிந்தால் போதுமா? 2009-ல் மெரினாவில் தொடங்கிய சென்னைப் பேரணியின் பெயரே வானவில் சுயமரியாதைப் பேரணி. 'பிரைடு' என்பதற்கு அகராதியைப் புரட்டிப் பெருமை என்று வைக்காமல், இந்த ஊரில் நூறு வருடமாகப் புழங்கும் சொல்லை எடுத்திருக்கிறார்கள், எனக்கு அதில் தீராத மதிப்பு உண்டு. அதனால் வேலை வந்ததும் நான் முதலில் பார்ப்பது இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் படங்களை அல்ல, பேரணியில் பிள்ளைகள் தூக்கி வந்த அட்டைகளைத்தான். மார்க்கரில் பெரிதாக ஆரம்பித்து, இடம் போதாமல் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், அந்த எழுத்தில் இருக்கிற உயிர் எந்த ஃபாண்டிலும் இல்லை.

ஒரு முறை 'பால்புதுமையினர்' என்ற சொல்லுக்குள்ளேயே ஆறு நிறத்தையும் ஓடவிட்டேன். பிளெக்ஸ் அடித்து வந்து கட்டிய பிறகு பார்த்தால், ல் மேல் இருந்த புள்ளி இளமஞ்சளில் கரைந்துபோயிருந்தது. பத்தடி தள்ளி நின்ற ஒரு தோழி 'பாலபுதுமை' என்று வாசித்தார். பேரணியில் நடக்கிறவர்களின் பெயரையே நான் தப்பாக எழுதிவிட்டது போல இருந்தது. அப்புறம் எழுத்தைக் கறுப்பில் வைத்து, நிறங்களை அடியில் ஒரு பட்டையாக இறக்கிவிட்டேன். இன்றுவரை அப்படித்தான்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் பெரிது. பழைய பேரணிப் படத்திலிருந்து யாரோ ஒருவருடைய முகத்தை வெட்டி எடுத்துச் சுவரொட்டியில் வைப்பது எங்கள் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லாமல், அம்மாவிடம் வேறு ஏதோ காரணம் சொல்லிவிட்டு வந்து நடக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்திலும் நான்கைந்து முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர்களிடம் கேட்டீர்களா? கேட்க முடியாவிட்டால் அடுத்த முறை அட்டைகளையும் அதைப் பிடித்திருக்கும் கைகளையும் மட்டும் போடுங்கள்.

– ஒரு சுவரொட்டி வடிவமைப்பாளர், சென்னை