‘யாரு மகன்டா நீ?’ என்று கேமரா கேட்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நடக்கும் திருட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தேன். கானாடுகாத்தான் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். தெருவுக்குத் தெரு கேமரா வைத்தால் தீர்ந்தது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். விழுந்த படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது?

என் மகள் சமூகப்பணி படித்தபோது அவள் பாடப் புத்தகங்களை நானும் புரட்டுவேன். அதில் டிராவிஸ் ஹிர்ஷி என்ற அமெரிக்கர் 1969இல் சொன்னது மனதில் தங்கிவிட்டது. இவன் ஏன் திருடினான் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் ஏன் திருடாமல் இருக்கிறார்கள் என்று கேட்டவர் அவர். பெற்றவர், வாத்தியார் மேல் உள்ள பாசம்; போனால் வராது என்று பயப்பட ஒரு படிப்போ வேலையோ; பொழுதை நிரப்பும் காரியம்; இது தப்பு என்ற நம்பிக்கை. இந்த நாலு கயிறும்தான் ஆளைப் பிடித்து வைக்கின்றன என்பது அவர் கணக்கு. பொழுதை நிரப்புவது மட்டும் அவருடைய ஆய்விலேயே அவ்வளவாகத் தேறவில்லை. அதனால்தான் மைதானம் கட்டிக் கொடுத்தால் பையன்கள் திருந்திவிடுவார்கள் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘நேற்று ஏன்டா வரலை?’ என்று கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டும்.

இழப்பதற்கு ஒன்று இருக்க வேண்டும் என்பதை எங்கள் பக்கத்தில் விளக்கவே வேண்டாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பையன் கல்யாணமானதும் நகரக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அவனுக்கு வரி உண்டு, பங்கு உண்டு. கல்யாணத்துக்கே கோயில் மாலை வந்தாக வேண்டும். எந்தக் கணக்கிலும் புள்ளியாக இல்லாத பையனுக்கு இழக்க என்ன இருக்கிறது?

சின்ன வயதில் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் மூன்று திண்ணையிலாவது ‘யாரு மகன்டா நீ?’ என்று நிறுத்துவார்கள். அதில் சாதி விசாரணையும் ஒளிந்திருந்தது, மறுக்கவில்லை. சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் கேட்பார்களா என்பதும் அதில் ஒரு கேள்வி. ஒருவரையொருவர் நம்பி, இப்படித் தலையிடவும் செய்கிற இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. இப்போது எங்கள் திண்ணைகளில் ஆட்டுக்குட்டிதான் படுத்திருக்கிறது.

இன்னொன்று. கட்டுப்பாடு என்றதும் நமக்கு ஊரைவிட்டு ஒதுக்குவதும் பெண்பிள்ளையை வீட்டில் அடைப்பதும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒதுக்குவது இருக்கிற கயிற்றையும் அறுக்கிற வேலை. ஹிர்ஷி சொன்னதற்கு நேர் எதிர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாவது படித்த பையன் ஒருவன், பள்ளிக்குச் சரியாகப் போவதில்லை. தனியாக இருக்கும் ஓர் ஆச்சி வீட்டுப் பின்கட்டிலிருந்து பித்தளைக் குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போய்விட்டான். கடைக்காரர் குழாயைப் பார்த்ததுமே ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். என் கடை வாசலில் கூட்டம் கூடி, ஸ்டேஷனுக்குக் கொண்டு போ என்றார்கள். அவன் தலையைத் தூக்கவில்லை. ஆச்சி மெதுவாக வந்து சேர்ந்து, ‘யாரு மகன்டா நீ?’ என்றார். சொன்னான். ‘உங்க அப்பத்தா எனக்கு நெல் அவிச்சுக் கொடுத்தவ. வா, வந்து மாட்டிக் கொடு’ என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். நூல் சுற்றி மாட்டிக் கொடுத்தான். மறுநாளிலிருந்து பள்ளிவிட்டு வரும் வழியில் அவனை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் அனுப்புவார்.

இந்த வருஷம் பத்தாவது எழுதியிருக்கிறான். குழாய் சரியாக நிற்கவில்லை, சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிடலாமே ஆச்சி என்றால், அவன் வந்து பார்ப்பான் என்கிறார்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
கானாடுகாத்தான் அருகிலிருந்து