கழுகு வரும்போது புறா

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மொழிபெயர்ப்பு வயிற்றுப்பாட்டுக்கு, கவிதைதான் எனக்கு என்று எழுதியிருந்தாய். சரி, வயிற்றுப்பாடு உண்மைதான். ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ராட்னோட்டிக்கும் அதே கதைதான். 1909இல் புடாபெஸ்டில் பிறந்தவர். முனைவர் பட்டம் வாங்கியும், யூதராகப் பிறந்ததால் நிரந்தர ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தும், லா ஃபோன்டேன், அப்போலினேர் என்று பிரெஞ்சுக் கவிஞர்களை மொழிபெயர்த்தும் காலத்தை ஓட்டினார்.

1938இல் பழைய ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஒன்பதாவது ஆயர் பாடலை லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தார். நிலம் பறிபோன ஒருவன் அதில் சொல்கிறான்: ஆயுதங்களுக்கு நடுவே நம் பாட்டுக்கு என்ன பலம்? கழுகு வரும்போது புறாவுக்கு உள்ள பலம்தான். ஈராயிரம் ஆண்டு பழைய வரி. ஆனால் அந்த ஆண்டுதான் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான முதல் சட்டமும் வந்தது. மொழிபெயர்த்த கையோடு தானே ஆயர் பாடல்கள் எழுதத் தொடங்கிவிட்டார்.

1944 மே மாதம் மூன்றாவது முறையாகக் கட்டாய உழைப்புக்குப் பிடித்துப் போனார்கள். செர்பியாவில் போர் (Bor) என்ற செப்புச் சுரங்க ஊரைச் சுற்றியிருந்த முகாம்களில் ஒன்று. அங்கே ஜூலையில் ஏழாவது ஆயர் பாடலை எழுதினார். இருட்டில் வரிக்குக் கீழே வரியாகத் தடவித் தடவி, தாளில் புழு ஊர்வது போல எழுதுகிறேன், எழுத்தின் மேல் குறிகூட இல்லாமல் என்று அதிலேயே சொல்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார். ஹங்கேரிய மொழியில் உயிரெழுத்தின் மேல் போடும் கோடுதான் பெரும்பாலும் நெடிலைக் காட்டும். அவர் எழுதியதோ வெர்ஜிலின் அறுசீர் யாப்பு, குறில் நெடிலை வைத்தே நடப்பது. தாளில் நெடில் இல்லை, காதில் இருந்தது. அந்தக் காதைப் பழக்கியதில் மொழிபெயர்ப்புக்குப் பங்கு இல்லை என்கிறாயா?

அப்புறம் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். முகாமைக் காலி செய்து நடத்தியே கூட்டிப் போனார்கள். நவம்பரில் ஹங்கேரியின் அப்டா கிராமத்துப் பக்கம் 22 பேரைச் சுட்டுப் புதைத்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். 1946 ஜூனில் குழியைத் தோண்டியபோது அவர் உடையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் பத்துக் கவிதைகள். கண்டெடுப்பவர் இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு குறிப்பு. அதை ஹங்கேரியம், செர்பியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் எழுதியிருந்தார்.

நீ பாதியில் போட்டுவிட்ட அந்த மொழிபெயர்ப்பு என்ன ஆயிற்று? அடுத்த கடிதத்தில் நாலு பக்கமாவது அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்