‘குப்பை’ என்று எழுதினால் குப்பை அபராதம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையில் களியக்காவிளை வழியாகவோ பனச்சமூடு வழியாகவோ கழிவு ஏற்றி வந்த லாரி பிடிபட்டது என்று நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. பல செய்திகள் ‘அபராதம் விதித்து எச்சரித்து அனுப்பினர்’ என்று முடிகின்றன. உடனே, தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரலும் எழுகிறது. தண்டனை ஏட்டில் இருக்கிறது. லாரி பிடிபட்ட முதல் சில மணி நேரத்தில் தாளில் என்ன ஏறுகிறது என்பதில்தான் வழக்கு நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

மகஜரில், அதாவது பிடித்த இடத்தில் எழுதும் பறிமுதல் அறிக்கையில், ‘சுமார் ஒரு லோடு குப்பை’ என்று எழுதிவிட்டால் அது உள்ளாட்சியின் குப்பை அபராதத்தோடு முடிந்துவிடும். அதே லோடை ‘பார்கோடு ஒட்டிய மஞ்சள் பைகள், ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு’ என்று எழுதினால் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் வந்துவிடும். ‘200 லிட்டர் பேரல்கள், உள்ளே கறுத்த எண்ணெய், பேரல் மேல் ரசாயன லேபிள்’ என்று எழுதினால் அதே ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள். அவற்றின் முதல் அட்டவணையில் வரிசை எண் 5.1 பயன்படுத்திய எண்ணெய், 33.1 ரசாயனம் ஒட்டிய காலிப் பேரல். இந்த இரு விதிகளையும் ஒரே நோட்டீசில் கலக்கக் கூடாது. மருத்துவக் கழிவுக்குத் தாங்கள் பொருந்தமாட்டோம் என்று அபாயகரக் கழிவு விதிகளே சொல்கின்றன. விதியைத் தவறாகக் காட்டிய நோட்டீசை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே உடைத்துவிடுவார்.

இன்னொரு குழப்பம், ‘ஐந்தாண்டு சிறை’. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, பிரிவு 15இல் அப்படி இருந்தது உண்மைதான்: ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் அதை மாற்றிவிட்டது. இப்போது குறைந்தது 10,000 ரூபாய், அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் 10,000. இதை விதிப்பவர் நாகர்கோவில் மாஜிஸ்திரேட் அல்ல. மத்திய அரசின் இணைச் செயலர் அல்லது மாநில அரசின் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரித்து விதிக்க வேண்டும். விதித்த தொகையை 90 நாளுக்குள் கட்டாவிட்டால்தான் மூன்றாண்டு வரை சிறை, அல்லது தண்டத்தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது இந்தச் சட்டத்தில் கழிவைக் கொட்டியதற்குச் சிறை கிடையாது, தண்டம் கட்டாததற்குத்தான் சிறை. மேல்வரம்பு உயர்ந்ததை வரவேற்கலாம். ஆனால் 10,000 ரூபாய் என்ற கீழ்வரம்பை யார் யோசித்தார்களோ! நாகர்கோவிலிலிருந்து கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். லாரி வாடகையே அந்தத் தொகையைத் தாண்டும். முறையாக அனுப்புவதைவிட மாட்டிக்கொள்வது மலிவு என்று கணக்குப் போட அதிகப் படிப்பு வேண்டாம்.

பிரிவு 15இல் சிறை போய்விட்டதால், அதை மட்டும் வைத்து எப்.ஐ.ஆர். போட முடியாது. போலீசுக்கு மிஞ்சுவது இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. நோய் பரவ வாய்ப்புள்ள அலட்சியச் செயலுக்கு 271, பொது நீர்நிலையைக் கெடுப்பதற்கு 279, நச்சுப்பொருளை அலட்சியமாகக் கையாள்வதற்கு 286. மூன்றிலும் அதிகபட்சம் ஆறு மாதம், மூன்றும் ஜாமீன் தரக்கூடியவை. 2024 ஜூலை 1க்குப் பிந்தைய சம்பவத்துக்குப் பழக்க தோஷத்தில் இ.பி.கோ. 269, 277, 284 என்று எழுதுவதும் வழக்கைக் கெடுக்கும்.

குண்டர் சட்டம்? 2025இல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தம் மருத்துவக் கழிவைக் கொட்டுவோருக்கு மட்டும்தான். ஆசிட் கேனும் கரி ஆயிலும் அதில் அகப்படாது. அகப்படும் மருத்துவக் கழிவிலும் உள்ளே போகிறவர்கள் டிரைவரும் கிளீனருமாக இருந்துவிட்டால், அனுப்பியவர் அடுத்த லோடுக்கு வேறு லாரி பேசிவிடுவார்.

அனுப்பியவரைப் பிடிக்க அபாயகரக் கழிவு விதிகளில் வழி இருக்கிறது. அதன் பெயர் மேனிஃபெஸ்ட், அதாவது கழிவோடு கூடவே போகும் சரக்குச் சீட்டு, படிவம் 10. மொத்தம் ஏழு பிரதி, ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெள்ளையை அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மஞ்சளில் லாரிக்காரரின் கையெழுத்தை வாங்கித் தானே வைத்துக்கொள்ள வேண்டும். மீதி ஐந்தும் வண்டியில் வர வேண்டும். ஆக, சோதனைச் சாவடியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எங்கே போகிறாய்’ என்பதல்ல, ‘இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல் ஐந்தும் எங்கே’ என்பது. கூடவே படிவம் 9, அதாவது வழியில் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ட்ரெம் கார்டு. மாநில எல்லை தாண்டி இறுதியாக அழிக்கக் கொண்டுபோவதானால் இரு மாநில வாரியங்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும். மறுசுழற்சிக்கு என்றால் இரு வாரியங்களுக்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்திருக்க வேண்டும். இந்தத் தாள்கள் இல்லை என்பதே ஒரு மீறல். அதை நிரூபிக்க ஆய்வகம் தேவையில்லை. மகஜரில் ‘மேனிஃபெஸ்ட் கேட்கப்பட்டது, காட்டப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எடைமேடைச் சீட்டையும் உடன் இணைக்க வேண்டும். ‘சுமார்’ என்ற சொல் இருக்கும்வரை இழப்பீட்டைக் கணக்கிட முடியாது.

மாதிரி எடுப்பதில்தான் அதிக வழக்குகள் செத்துப்போகின்றன. பக்கெட்டில் கொஞ்சம் அள்ளி ஸ்டேஷனில் வைத்தால் அது சாட்சியம் ஆகாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 11இன்படி அதிகாரம் பெற்ற அதிகாரிதான் எடுக்க வேண்டும். ஆய்வுக்கு அனுப்பப்போகிறேன் என்று அங்கேயே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் முன்னிலையில் எடுத்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர் வேண்டுமென்றே ஒதுங்கிக்கொண்டால் அதிகாரி மட்டும் கையெழுத்திட்டு அதையும் பதிவு செய்ய வேண்டும். இந்த வரிசையில் ஒன்று விடுபட்டாலும் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் செல்லாது.

பேரலின் மேல்மட்டத்தில் மட்டும் எடுப்பது இன்னொரு தவறு. எண்ணெய் மேலே நிற்கும், நீர் நடுவே, உலோகச் சகதி அடியில். கண்ணாடிக் குழாயை அடிவரை இறக்கி முழு ஆழத்துக்கும் எடுக்க வேண்டும். எண்ணெய்க்கும் கரைப்பானுக்கும் கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக்கில் எடுத்தால் அதிலிருந்தே ரசாயனம் கசிந்து முடிவைக் கெடுக்கும். உப்பியிருக்கும் பேரலைத் திறக்கவே கூடாது. அமிலமா காரமா என்று பார்க்க பிஎச் தாள் ஒரு துண்டு போதும்: 2 அல்லது அதற்குக் கீழே, 12.5 அல்லது அதற்கு மேலே என்றால் அரிக்கும் தன்மை, சந்தேகமே வேண்டாம்.

கழிவு ஊரில் கிடப்பதைப் பார்த்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது தீ வைப்பது. இல்லையென்றால் பஞ்சாயத்து ஜே.சி.பி. வந்து மண் தள்ளிவிடும். நாற்றம் போகும், சாட்சியும் போகும். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைக் கேரளமே லாரி அனுப்பித் திருப்பி எடுத்துச் சென்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது ஒரு காரணம். குவியலில் கிடந்த மருத்துவமனைச் சீட்டுகள், கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது இன்னொரு காரணம். எரித்திருந்தால் அந்தச் சீட்டுகள் சாம்பல்.

எல்லாப் பழியையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடவும் முடியாது. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் விசைப்படகுக்கு ஆயில் மாற்றுகிறார்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலைகளில் மெகாவாட் அளவுள்ள ஒரு கியர் பெட்டியிலேயே சில நூறு லிட்டர் எண்ணெய் இருக்கிறது. வடித்த எண்ணெய் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய பொருள் வாங்கும் கடைக்குப் போய், அங்கிருந்து சூளைக்கு எரிபொருளாகவும், கூரைக் கழுக்கோலுக்குக் கரையான் மருந்தாகவும் போகிறது. பாசனச் சானலில் ஊற்றிவிடுவதும் நடக்கிறது. தனிப் படகுக்காரர் விதிகள் சொல்லும் ‘வளாகப் பொறுப்பாளர்’ ஆவாரா என்று வாதிடலாம். வாங்கிச் சேர்த்து விற்கும் கடைக்காரர் விஷயத்தில் வாதமே இல்லை. வாரிய அங்கீகாரம் இல்லாமல் அவர் ஒரு பேரல்கூட வைத்திருக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற தொழிற்கூடமும் 90 நாளுக்கு மேல் சேர்த்துவைக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன்னுக்கு மிகாத சிறு கூடங்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். ஜூன் 30க்குள் படிவம் 4இல் ஆண்டுக் கணக்கு கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் வாங்கிய புது எண்ணெய்க்கும் அனுப்பிய பழைய எண்ணெய்க்கும் இடையே பெரிய துண்டு விழுந்தால், எங்கே போனது என்று கேட்க எந்த லாரியையும் மறிக்க வேண்டியதில்லை.

சாதாரண ஆளுக்கும் வழி உண்டு. 2024 நவம்பரில் வந்த விதிகளின்படி தண்டம் விதிக்கும் அதிகாரியிடம் தனிநபரும் புகார் தரலாம். கிணறோ குளமோ கெட்டிருந்தால் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 15இன் கீழ் ஐந்தாண்டுக்குள் இழப்பீடும் சீரமைப்பும் கேட்கலாம். தீர்ப்பாய உத்தரவை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, 10 கோடி ரூபாய் வரை அபராதம். நிறுவனம் என்றால் 25 கோடி வரை. கழிவை அனுப்பியவர் உண்மையில் பயப்பட வேண்டிய தொகை இதுதான். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022 முதல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருப்பதால், அங்கே கொட்டியதற்கான மனுவில் அதையும் தவறாமல் சுட்டிக்காட்ட வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். எல்லைச் சாவடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருக்கட்டும்: மூடியுள்ள கண்ணாடி பாட்டில் பத்து, முழு ஆழக் குழாய் இரண்டு, பிஎச் தாள், அரக்கும் முத்திரையும், பிரிவு 11 நோட்டீஸ் படிவம், மேனிஃபெஸ்ட் நிறங்களின் பட்டியல் தமிழில் ஒரு பக்கம், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் இரவு எண். அவர் வந்து சேரும்வரை வண்டியைத் திறக்காமல் நிறுத்திவைத்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை